மொட்டைமாடியைக் கீழே இறக்கிய வெள்ளிக்கிழமை

ஜூன் 17, 2022, வெள்ளி

காய்க்க இரண்டு மாதம் எடுக்கும் பாகலை இன்று ஏன் ஊறப்போட்டேன்? அடுத்த கிழமை இந்த வீடு எப்படி இருக்கும் என்றே தெரியாது. யோசித்துப் பார்த்தேன். விதை மட்டும் கோப்பைக்குள் கிடக்கிறது.

விடிய மழை. பிறகு வெயில், பிசுபிசுப்பு.

இன்று முதல் அரசாங்க உத்தியோகத்தருக்கு வெள்ளி லீவு, சாப்பாட்டுத் தட்டுப்பாட்டுக்கு வீட்டில் பயிர் செய்வதற்காக. அந்த அறிவித்தலை எங்கள் திணைக்களத்துக்காகத் தமிழில் பெயர்த்தவள் நான். ஒரு வசனத்தையும் நம்பவில்லை. ஆனால் பிழை விடவில்லை. இப்போது அதன்படியே நடக்கிறேன். வெள்ளவத்தையில், ஒரு அடுக்குமாடியின் மொட்டைமாடியில், பழைய பெயின்ற் வாளிகளில்.

தோட்ட யோசனை இவருடையது. வேலை என்னுடையது. இவருக்கு இதயத்தில் பைபாஸ் செய்யவேண்டும். மே மாதம் என்றார்கள். இரண்டு முறை தள்ளிப்போட்டாகிவிட்டது. தேவையான மருந்து நாட்டில் இல்லையாம். வந்ததும் அழைப்பார்களாம், போனைப் பக்கத்தில் வைத்திருக்கட்டாம். வைத்திருக்கிறோம். அதுவரை படி ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, கோபப்படக்கூடாது.

நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி. கீழே இறங்க லிஃப்ட் உண்டு, கரண்ட் இருந்தால். மேலே மொட்டைமாடிக்குப் படி மட்டும்தான். எனவே தோட்டம் மேலே, தோட்டக்காரர் கீழே.

ஜூன் 19, ஞாயிறு

கடுங்காற்று. கடற்பக்கத்து யன்னல்கள் எல்லாம் உப்புப் படிந்து மங்கல்.

காஸ் இல்லை. மண்ணெண்ணெய் அடுப்பில் சோறு, பருப்பு, ஒரு சம்பல். எல்லாவற்றிலும் புகை மணம். இவர் இரண்டாம் முறை போட்டுச் சாப்பிட்டார்.

காலையில் நான் மேலே, இவர் போனில். தினமும் இப்படித்தான்.

"மிளகாயில கீழ் இலை மஞ்சளோ?"

"ஒண்டு."

"எந்தப் பக்கம்?"

"இஞ்சருங்கோ, இலைக்கு என்ன பக்கம்?"

"கடல் பக்கமோ, ரோட்டுப் பக்கமோ எண்டு கேக்கிறன்."

"கடல் பக்கம்."

"அப்ப உப்புக் காத்து. தண்ணியால இலையைக் கழுவிவிடும். பயப்பிடாதையும்."

நான் பயப்படவில்லை. மிளகாய்க்காகப் பயப்படவில்லை.

பயற்றங்கொடி சுவர் உயரம் வந்துவிட்டது. முளைக்கீரை விதைத்தேன். பூனைகள் வாளி வாளியாகத் தோண்டியிருக்கின்றன. காரணம் எதிர்வீட்டு ஃபரீதாக்காவின் மீன் கழுவிய தண்ணீர். செடிக்கு அதைவிட நல்லது வேறில்லை என்று தினமும் ஒரு வாளி கொண்டுவந்து தருகிறார். நல்லதுதான். பூனைகளும் அதே அபிப்பிராயம்.

ஜூன் 22, புதன்

மப்பு. மழை வருவதுபோல் காட்டிவிட்டுப் போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்கு நானே போன் எடுத்துக் கேட்டேன். "தவம நே, மிஸ்." இன்னும் இல்லை. சிங்களத்தில் அந்தத் தாதி சொல்லும்போது கொஞ்சம் மெதுவாக விழுகிறது. என் கற்பனையாகவும் இருக்கலாம்.

இவர் என் முகத்தைப் பார்த்தார். நான் தேங்காய் துருவப் போனேன்.

பின்னேரம் மின்வெட்டு. இருட்டுமுன் சமைத்து, இருட்டுமுன் சாப்பிட்டு, பல்கனியில் இரண்டு கதிரை போட்டு இருந்தோம். கீழே ரயில் போனது. வாசலில் தொங்கிக்கொண்டு போகிறவர்களை இவர் எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டார். கதைக்க ஒன்றும் இல்லை. கதைக்காமலும் நன்றாக இருந்தது. கலியாணம் முடித்த இருபத்துமூன்று வருடத்தில் இப்படிப் பின்னேரம் சும்மா இருந்தது எப்போது? நினைவில்லை.

மூச்சு: நல்லம். நெஞ்சு நோ: இல்லை. நித்திரை: சுமார்.

ஜூன் 24, வெள்ளி

இலேசான தூறல்.

மேலே போனபோது ஃபரீதாக்கா எனக்கு முன்னமே நின்றார். கையில் வாளி. ஆனால் மீன் வாடை இல்லை. எட்டிப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது.

"அரிசி கழுவின தண்ணி புள்ள."

"ஏன், இண்டைக்கு மீன் எடுக்கேல்லையோ?"

"எடுத்த எடுத்த. இன்டைக்கி வெள்ளி தானே. ஒங்கட ஊட்டுல மீன் இல்லயே. அதுதான் அந்தத் தண்ணிய வீசிட்டு இதக் கொண்டாந்த."

ஒரு மாதமாக மீன் தண்ணீர் வருகிறது. யோசித்துப் பார்த்தால் வெள்ளிக்கிழமைகளில் வந்ததே இல்லை. நான் கவனிக்கவில்லை. அவர் ஒவ்வொரு கிழமையும் கவனித்திருக்கிறார்.

எனக்கு வெள்ளியும் செவ்வாயும் ஒன்றுதான். வெள்ளியில் வீட்டில் சைவம் இவருக்காக. மேலே வாளியில் நிற்கும் மிளகாய்க்கு எந்த விரதமும் இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. "பெரிய உபகாரம் அக்கா" என்றேன். அவர், "ஒண்டும் இல்ல, ஒரு வாளி தண்ணி" என்று ஊற்றத் தொடங்கிவிட்டார்.

கீழே வந்து சொன்னேன். இவர் சிரித்துச் சிரித்து, பிறகு நெஞ்சில் கை வைத்து, நான் பயந்து, "இல்லை இல்லை, சும்மா" என்று மறுபடி சிரித்தார். "அப்ப எங்கட பயத்தங்காயை இனிமேல் கோயிலுக்கே குடுக்கலாம்."

பாகல் இன்னும் வெளியே தலை காட்டவில்லை.

ஜூன் 28, செவ்வாய்

பெற்றோல் இனி அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமாம். அலுவலகம் கிழமைக்கு ஒரு நாள். எனக்கு வியாழன்.

பூனைப் பிரச்சினைக்குக் காவலாளி ராசு ஒரு வழி சொன்னார். அவர் ஊர் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். "நீலத் தண்ணி போத்தல் வச்சா பூனை கிட்டவே வராதும்மா. எங்க லயத்துல எல்லாரும் வைப்பாங்க." துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து மூன்று போத்தல் வைத்தேன். விஞ்ஞான அடிப்படை எதுவும் இல்லை என்று இவரிடம் சொல்லிவிட்டுத்தான் வைத்தேன்.

மத்தியானம் போய்ப் பார்த்தால் சாம்பல் பூனை ஒரு போத்தலில் சாய்ந்து நித்திரை.

ராசுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார்.

"இது கொழும்புப் பூனைம்மா. இதுக்குப் பயமில்ல."

பாகல் முளைத்துவிட்டது! மூன்று. விதைத் தோலைத் தலையில் தொப்பி மாதிரிப் போட்டுக்கொண்டு. படம் எடுத்து இவருக்கு அனுப்பினேன். கீழே போனபோது இன்னும் அதையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "படத்தில தண்டு மெலிஞ்சு தெரியுது. நேரில எப்பிடி?" நேரிலும் மெலிவுதான் என்றேன்.

ஜூன் 30, வியாழன்

இதை ஒழுங்காக எழுதவேண்டும்.

நேற்று மின்வெட்டில் மோட்டர் ஓடவில்லை, தாங்கியில் தண்ணீர் இல்லை. இன்று விடியவும் இல்லை. செடிகளுக்கு ஊற்றாமலே அலுவலகம் போனேன். பின்னேரம் ஊற்றலாம் என்று இவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

ரயிலில் நெரிசல். வீட்டுக்கு வந்தபோது மின்வெட்டு. படியேறி வந்தால் எங்கள் கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே ஆளில்லை. எதிர்வீட்டிலிருந்து ஃபரீதாக்கா கூப்பிட்டார். அவர் முன்னறையில் இவர், கதிரையில் சாய்ந்து, சேட் முழுதும் நனைந்து. முகம் கடுதாசி நிறம்.

இரண்டு போத்தல் குடிதண்ணீரை ஒரு வாளியில் ஊற்றி எடுத்துக்கொண்டு மொட்டைமாடிப் படியில் ஏறியிருக்கிறார். பாதியில், படி திரும்பும் இடத்தில், நெஞ்சைப் பிடித்திருக்கிறது.

"டக டகன்டு வாளி உருண்டு வார சத்தம் கௌரி. ஓடிப் பாத்தா அண்ணன் படில குந்திட்டு ஈக்கார். 'ஃபரீதா, அந்த வாளிய எடும்' எண்டு எனக்கு ஓடர் வேற! வாளியா முக்கியம் இப்ப? ஸ்ப்ரே எங்க எண்டு கேட்டு, ஒங்கட ஊட்டுக்குள்ள ஓடி, எடுத்து வந்து நாக்குக்குக் கீழ அடிச்ச. எனக்குத்தான் இப்ப கை கால் ஓடல்ல."

டொக்டருக்கு எடுத்தேன். நோ போய்விட்டதா? போய்விட்டது. மறுபடி வந்தால் ஒரு நிமிடம்கூட நிற்காமல் கூட்டி வாருங்கள். இன்று முழுதும் படுக்கை.

ஃபரீதாக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். நன்றி என்று சொன்னேனா என்று நினைவில்லை.

இவரிடம் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. கதைத்தால் கத்துவேன். கத்தினால் அவருக்குக் கூடாது.

ஜூலை 1, வெள்ளி

நல்ல வெயில். காற்று அடங்கி.

தேத்தண்ணி கொடுத்தேன், மருந்து கொடுத்தேன், பாண் கொடுத்தேன். வாய் திறக்கவில்லை. கடைசியில் அவர்:

"கோபப்படக்கூடாது எண்டு எனக்குத்தான் சொன்னவை. உமக்கில்லை. ஏசும்."

நான் வெறும் கோப்பையை எடுத்தேன்.

"கௌரி. நான் ரெண்டு மாசமா அந்தப் போனைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன். காலமை எழும்பினாப் போன், படுத்தாப் போன். மேல ஒண்டு முளைச்சிருக்கு எண்டீர். அதைப் பாக்கவேணும் போல கிடந்துது. தண்ணி ஊத்துறது ஒரு சாட்டு. அவ்வளவுதான்."

கோப்பையோடு குசினிக்குள் போனேன். பைப்பைத் திறந்து பார்த்தேன், தண்ணீர் வந்துவிட்டிருந்தது.

பிறகு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். எங்கள் பல்கனி அகலம் ஒரு கட்டில் போடக் காணாது. துணிக்கொடி, இரண்டு வெறும் காஸ் சிலிண்டர், பழைய பத்திரிகைக் கட்டு. அதையெல்லாம் வெளியே எடுத்தால் எத்தனை வாளி கொள்ளும் என்று கேட்டேன். ஃபரீதாக்கா கேள்வியை முடிக்க விடவில்லை. முக்காட்டை இறுக்கிச் சொருகிக்கொண்டு, "ராசு! மேல வா!" என்று கீழே பார்த்து ஒரு சத்தம்.

தோட்டம் செய்யத் தந்த லீவில் தோட்டத்தை இடம்பெயர்த்தோம். ராசு பெரிய வாளிகள், நான் சின்னவை, ஃபரீதாக்கா மேற்பார்வை. "அத அங்க வெக்காதே, வெயில் ஈக்கிற பக்கம் வெய்!" "இங்கயும் வெயில் இருக்குங்கம்மா." "ஈக்கி, ஆனா அந்த வெயில் சரியில்ல." பயற்றங்கொடியைச் சுவரிலிருந்து கழற்றும்போது இரண்டு இடத்தில் முறிந்தது. மிளகாய் பிழைத்தது. பூனை பின்னாலேயே படியிறங்கி வந்து, மாடித் திருப்பத்தில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தது.

இவர் கதிரையில். எழும்பக்கூடாது என்று கட்டளை. ராசு பாகல் வாளியைக் கொண்டுவந்து காலடியில் வைத்தார். இவர் குனிந்து பார்த்தார். விரல் நுனியால் மண்ணைத் தொட்டுப் பார்த்தார். நான் உள்ளே போய்விட்டேன். எனக்கு அங்கே வேலை இருந்தது.

மத்தியானம் எல்லோருக்கும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும். ஃபரீதாக்கா சாப்பிடவில்லை, ஜும்ஆத் தொழுகை முடிந்து அவர் கணவர் வந்துவிடுவார் என்று போய்விட்டார். ராசு இரண்டு முறை சோறு வாங்கினார். "மேடம் சமையல்ல பொக நல்லாருக்கும்மா." பாராட்டு என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இனித் துணி மேலே காயும்.

ஜூலை 3, ஞாயிறு

இவர் எனக்கு முன்னமே எழும்பி பல்கனியில். போன் கட்டிலில் கிடக்கிறது! பாகலுக்கு என் பழைய துப்பட்டாவைக் கிழித்துக் கொடி கட்டியிருக்கிறார். என்னைக் கேட்கவில்லை. நல்ல துப்பட்டா. பரவாயில்லை.

முளைக்கீரை இன்னும் சின்னது. பொறுக்க முடியாமல் நெருக்கத்தை ஐதாக்குகிற சாட்டில் பிடுங்கினோம். ஒரு பிடி. வெங்காயம், தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டினால் இரண்டு கரண்டி. அதிலும் பாதியைக் கிண்ணத்தில் எதிர்வீட்டுக்கு. கிண்ணம் வெறுமையாய் வரவில்லை, மாசிக் கருவாட்டுச் சம்பலோடு வந்தது. ஒரு கரண்டி கீரைக்கு இது அநியாயமான வியாபாரம்.

வியாழனுக்குப் பிறகு நெஞ்சு நோ இல்லை. ரயில் ஓடுகிறது. மண்ணெண்ணெய் இன்னும் பத்து நாளைக்குப் போதும். பயற்றங்கொடி முறிந்த இடத்துக்குக் கீழே துளிர்விட்டிருக்கிறது. பக்கத்து அறையில் ஒருவர் குறட்டை விடுகிறார்.

கோயிலுக்குப் போகும் பழக்கம் எனக்கில்லை. நன்றி இருக்கிறது. யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரியவில்லை. ஃபரீதாக்காவிடம் கொஞ்சம் கொடுத்தேன். கீரையாக.

ஜூலை 4, திங்கள்

போன் வந்தது.

பத்தரை இருக்கும். இவர் மிளகாய்க்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார், இரண்டு கையும் முழங்கைவரை சேறு. போன் உள்ளே அடிக்கிறது. "ஆரெண்டு பாரும்" என்றார், திரும்பாமலே. இரண்டு மாதம் அதைக் கண்ணால் விழுங்கிக்கொண்டிருந்த மனிதர்.

அதே தாதி. மருந்து வந்துவிட்டது. நாளைக் காலை ஆஸ்பத்திரி வாட்டுக்கு வரவேண்டும். வியாழன் ஒப்பரேஷன். மூன்று முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். மூன்று முறையும் பொறுமையாகச் சொன்னார்.

சொன்னேன். இவர் கையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார், சேறு சொட்டியது. "சரி," என்றார். பிறகு, "சரி." குளிக்கப் போனார். நெடுநேரம் தண்ணீர்ச் சத்தம்.

எடுக்க: சாரம் 3, துவாய், பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாம், சவர்க்காரம், கண்ணாடி, சுடுதண்ணிப் போத்தல், ஐடென்ரிற்றி கார்ட்.

ஜூலை 5, செவ்வாய்

வாகனம்: ஃபரீதாக்காவின் தம்பியின் ஆட்டோ. வரிசையில் நின்று எடுத்த பெற்றோல். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "பேசாம ஈங்க" என்றார் ஃபரீதாக்கா.

காலையில் எங்கள் பகுதிக்கு மின்வெட்டு நேரம். லிஃப்ட் நின்றால் இவரைக் கதிரையில் வைத்துத் தூக்கி இறக்குவதென்று நேற்றே திட்டம். ராசு கயிறு, கதிரை, துணைக்கு இரண்டு ஆட்கள், எல்லாம் தயார் செய்து மாடி வாசலில் நின்றார். கரண்ட் போகவில்லை. சும்மா லிஃப்டில் இறங்கினோம். ராசுவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். "எல்லாம் ரெடியா இருந்திச்சு சார்." "திரும்பி வரேக்க பாப்பம் ராசு," என்றார் இவர்.

திரும்பி வரேக்க. சாதாரணமாகச் சொன்னார். ஆட்டோவில் அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் கையெழுத்து, இரத்தம், ஈசிஜி. கட்டில் யன்னலோரம். பக்கத்துக் கட்டில்காரர் காலி நகரத்திலிருந்து வந்தவர், இவரைப்போலவே இரண்டு முறை தள்ளப்பட்டவர். பத்து நிமிடத்தில் இரண்டு பேரும் சிங்களத்தில் உரத்த கதை.

ஜூலை 6, புதன்

மழை, நாள் முழுதும்.

பார்வை நேரத்தில் போனேன். நெஞ்சு மயிரெல்லாம் வழித்துவிட்டார்கள். "கோழி உரிச்ச மாதிரி," என்று காட்டினார். சிரித்தேன். அவரும். அனஸ்தீசியா டொக்டர் ஒரு பெண், வந்து விளக்கினார். ஆபத்து எத்தனை வீதம் என்பதையும் சொன்னார். நான் கேட்டுத்தான் சொன்னார். கேட்டிருக்கத் தேவையில்லை.

வெளிக்கிடும்போது: "கௌரி, ஒண்டு சொல்லவேணும்." நின்றேன். "ஒண்டுமில்லை. நல்லாயிருந்தது, இந்த ரெண்டு மாசம். அதைச் சொல்லத்தான்." நான் அவரது சாரத்தைச் சரிசெய்தேன். எனக்கும் அப்படித்தான் என்று சொல்லியிருக்கலாம். தாதி மணி அடித்துவிட்டார்.

இப்போது வீட்டில். நாளை எப்படி எல்லாம் போகலாம் என்று மனம் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறது. மறுபடியும் தள்ளிப்போடுவார்கள். உள்ளே கொண்டுபோய்க் கரண்ட் போகும். டொக்டர் வெளியே வந்து என்னைத் தனியாகக் கூப்பிடுவார். எல்லாவற்றுக்கும் என்ன சொல்வேன், எங்கே உட்காருவேன், யாருக்கு முதலில் எடுப்பேன் என்றுவரை யோசித்தாகிவிட்டது. நல்லபடி நடந்தால் என்ன செய்வேன் என்று மட்டும் யோசிக்க வரவில்லை.

ஜூலை 7, வியாழன்

நடந்தது.

காலை ஏழரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். தள்ளிப்போடவில்லை. கரண்ட் போகவில்லை. நானும் ஃபரீதாக்காவும் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அவர் தஸ்பீஹ் மணி உருட்டினார், இடையிடையே எனக்கு இஞ்சித் தேத்தண்ணி ஊற்றினார். நான் ஒன்றும் செய்யவில்லை. ஒருமுறை அவர் தோளில் சாய்ந்திருக்கிறேன். நித்திரை வந்திருக்கவேண்டும்.

ஒரு மணிக்குப் பிறகு சேர்ஜன் வந்தார். என்னைத் தனியாகக் கூப்பிடவில்லை. நின்ற இடத்திலேயே, எல்லோர் முன்னாலும், நல்லபடி முடிந்தது என்றார். மூன்று இரத்தக்குழாய்க்கு மாற்றுவழி வைத்தார்களாம். அவர் கண்ணில் நித்திரை இல்லாத சிவப்பு. இன்னும் ஒருவர் இருக்கிறார் என்று திரும்பிப் போய்விட்டார்.

பின்னேரம் இரண்டு நிமிடம் உள்ளே விட்டார்கள். வாயில் குழாய், கண் மூடி, சுற்றிலும் இயந்திரங்கள். எங்கே தொடலாம் என்று தெரியாமல் நின்றேன். தாதி போர்வையின் நுனியைத் தூக்கினார். காலைப் பிடித்துப் பாருங்கள் மிஸ், இரத்தம் ஓடுகிறதா என்று நாங்களும் அதில்தான் பார்ப்பது என்று சிங்களத்தில் சொன்னார்.

பிடித்துப் பார்த்தேன். சூடாக இருந்தது.